மார்ஷல் 1959 எந்த வருசம்?

மார்ஷல் 1959 என்று ஒரு அம்ப் இருக்கிறது. கிற்றார் வாசிக்கிற ஆக்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் கண் விரியும். நூறு வோற்ஸ், மேடையில் ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்த கறுப்புப் பெட்டிகள், ஜிமி ஹென்ட்ரிக்ஸ். ஆனால் அந்த அம்ப் 1959இல் செய்ததில்லை. 1959இல் மார்ஷல் என்று ஒரு அம்ப் கம்பனியே கிடையாது. அது பொருட்பட்டியலில் போட்ட மொடல் இலக்கம், அவ்வளவுதான். அம்ப் வந்தது 1965இல். இதே கம்பனியில் 1987 என்று ஐம்பது வோற்ஸ் மொடல் ஒன்றும் இருக்கு, அதுவும் அறுபதுகளில் பிறந்தது. 1962 என்று இன்னொன்று, 1966இல் எரிக் கிளப்டன் ஜோன் மேயோலோடு வாசித்த இசைத்தட்டால் பேர் வாங்கினது. அதுவும் 1962இல் வந்ததில்லை. நெற்றியில் வருசம் மாதிரியே ஒரு இலக்கத்தை ஒட்டிவிட்டு, உண்மையான வருசத்தை வேறெங்கேயோ ஒளித்து வைத்திருக்கிற சாமான்.

அந்த ஒளித்து வைத்த வருசத்தைத் தேடிப் பிடிக்கிற வேலையை ஒன்றரை வருசம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். லண்டனில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் சனி, ஞாயிறுகளில் நான் நின்றது சவுத்தோலுக்கும் ஹேய்ஸுக்கும் இடையில் ஒரு திருத்தகத்தில். வெளியில் போர்ட் இல்லை. ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் கராஜ். மிக்சர் வரும், கோயில் திருவிழாவுக்கு வாடகைக்குப் போகிற சவுண்ட் சிஸ்டம் வரும், கலியாண மண்டபத்து ஸ்பீக்கர் வரும். ஆனால் வெள்ளைக்காரர் அண்ணையைத் தேடி வருவது வால்வ் அம்புக்காகத்தான். அண்ணை என்று கூப்பிடுகிறேனே தவிர, அவருக்கு என்னுடைய அப்பாவை விட வயது கூட. அங்கே வருகிற எல்லாருக்கும் அவர் அண்ணைதான்.

ஊரில் றேடியோ திருத்தினவர். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக்குள் பற்றறி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில் செய்தி கேட்ட கதையை எங்கள் வீடுகளில் எல்லாரும் சொல்லக் கேட்டிருப்போம். அந்த டைனமோவுக்கு ஏற்ற மாதிரி றேடியோவை மாற்றிக்கொடுத்த ஆக்களில் இவரும் ஒருவர். 1997இல் லண்டன் வந்து, பெற்றோல் செட்டில் நின்று, கடையில் நின்று, ஒரு நாள் தெரிந்தவர் ஒருவர் கொண்டுவந்த பழைய மார்ஷலைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கொள்ளளவிகள். ஏ.எல். பௌதிகவியல் செய்த ஆக்களுக்கு இந்தச் சொல் மறக்காது, கடையில் கேட்டால் கப்பாசிற்றர். அந்த மஞ்சளுக்கு அங்கே மஸ்டர்ட் என்று பெயர். எங்கட கடுகு கறுப்பு, அவர்களுடைய கடுகு போத்தலில் வருகிற மஞ்சள் சோஸ். எனக்கு இது விளங்கவே ஒரு மாசம் எடுத்தது. “உது எங்கட ஃபிலிப்ஸ் றேடியோக்குள்ளை கிடந்த சாமான் எல்லோ” என்று அண்டைக்கு அண்ணை சிரித்தாராம். அவர் சொன்னது சரி. அதைச் செய்த மல்லார்ட், ஃபிலிப்ஸின் பிரித்தானியக் கிளை.

207ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி அக்ஸ்பிரிட்ஜ் றோட்டால் போனால் சவுத்தோலுக்கு அடுத்தது ஹான்வெல். அந்த றோட்டில் 76ஆம் இலக்கக் கடையில் 1960இல் ஜிம் மார்ஷல் ட்ரம்ஸ் விற்கத் தொடங்கினார். அவர் ட்ரம்ஸ் வாத்தியார். பீற் ரவுன்ஷென்ட், ரிச்சி பிளக்மோர் மாதிரியான பெடியள் கடைக்கு வந்து, கிற்றார் சாமானும் விக்க வேணும், சத்தம் கூட வேணும் என்று நச்சரித்திருக்கிறார்கள். 1962இல் கடையில் திருத்த வேலை செய்த கென் பிரானும் டட்லி கிரேவன் என்ற இளம் பெடியனும் முதல் அம்பைச் செய்தார்கள். அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மனைப் பார்த்துச் செய்தது. பார்த்து என்றால், பரீட்சை மண்டபத்தில் பக்கத்து மேசையைப் பார்க்கிற மாதிரி. 1964இல் ஹேய்ஸில் தொழிற்சாலை திறந்தார்கள். இண்டைக்கு எங்கட சனம் முருங்கைக்காயும் இடியப்பமும் வாங்குகிற அதே வட்டாரம்.

மார்ஷலின் வயதைப் பிடிப்பது ஓரளவு லேசு. 1969 ஜூலைக்குப் பிறகு வந்தவற்றில் சீரியல் நம்பரின் கடைசியில் ஒரு எழுத்து நிற்கும். ‘ஏ’ என்றால் 1969 ஜூலையில் இருந்து 1970 முடியும் வரை. ‘சி’ 1971, ‘டி’ 1972, ‘ஈ’ 1973, அப்படியே போகும். ‘பி’யைக் காணமாட்டீர்கள். ஒன்றோடும் சைபரோடும் குழம்பக்கூடிய ‘ஐ’, ‘ஓ’, ‘கியூ’ மூன்றும் இல்லை. நம்பர் தேய்ந்துபோனாலும் முகம் காட்டிக்கொடுக்கும். 1969 நடுப்பகுதியில் முன்தகடு பிளெக்சிகிளாஸில் இருந்து பொன்னிற உலோகத்துக்கு மாறியது. அதுக்கு முந்தினவற்றை ‘பிளெக்சி’ என்று சொல்லி விலையை ஏற்றி விற்பார்கள். 1973, 74 வாக்கில் உள்ளேயும் மாற்றம்: கையால் வயர் ஒட்டின பலகை போய் பிசிபி போர்ட் வந்தது.

ஃபெண்டரின் விசயம் வேறை. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் செய்தவை. பின்பக்கத்தில் சீரியல் நம்பர் அழகாக அடித்திருக்கும். அதை மட்டும் வைத்து வருசம் சொல்லக் கூடாது என்பது அண்ணை எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். நம்பர் அடிப்பது செசிக்கு, அதாவது எல்லாவற்றையும் பூட்டுகிற உலோகத் தட்டுக்கு. நம்பர் அடித்த செசிகள் குவியலாகக் கிடக்கும். பூட்டுகிறவர் கைக்கு வந்ததை எடுப்பார். அடியில் கிடந்தது அடியிலேயே கிடக்கும். வீட்டு அரிசி வாளி மாதிரித்தான். புது அரிசியை மேலே கொட்டிக் கொட்டி எடுத்தால் பழசு அடியில் கிடந்து வண்டு பிடிக்கும். ஆகவே சின்ன நம்பர் பழசு, பெரிய நம்பர் புதுசு என்ற கணக்கு இங்கே சரிவராது. அக்கம்பக்கமான இரண்டு நம்பருக்கு இடையில் மாதக்கணக்கில் வித்தியாசம் வரும்.

அப்ப எங்கே பார்க்கிறது? பெட்டியின் உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், எந்த வால்வ் எந்தக் குழியில் என்று காட்டுகிற படம். அதில் மையால் இரண்டு எழுத்துக் குத்தியிருப்பார்கள். முதல் எழுத்து வருசம். ‘ஏ’ 1951, ‘பி’ 1952, அப்படியே விரல் விட்டு எண்ணினால் ‘என்’ 1964, ‘ஓ’ 1965, ‘கியூ’ 1967. அதோடு நிற்பாட்டிவிட்டார்கள். இரண்டாவது எழுத்து மாதம், ‘ஏ’ ஜனவரி, ‘எல்’ டிசம்பர். ‘என்சி’ என்று இருந்தால் 1964 மார்ச். முதல் தடவை நானே ஒன்றை ரோர்ச் அடித்து வாசித்தபோது, யாரோ ஒருவர் அறுபது வருசத்துக்கு முந்திய ஒரு காலையில் அலுப்போடு குத்தின முத்திரை என்று நினைக்க ஒரு மாதிரி இருந்தது.

காகிதம் கிழிந்துபோயிருந்தால் பாகங்களின் முதுகைத் தடவவேணும். அந்தக் கால அமெரிக்கச் சாமான்களில் முதல் மூன்று இலக்கம் செய்த கம்பனியைச் சொல்லும். 606 என்றால் ஷூமேக்கர், ட்ரான்ஸ்ஃபோமர். 220 ஜென்சன், 465 ஒக்ஸ்ஃபோர்ட், இரண்டும் ஸ்பீக்கர். 137 சீரீஎஸ், வொலியூம் திருகி. பிறகு வருசம், அதுக்குப் பிறகு கிழமை. 137-6618 என்றால் 1966ஆம் வருசம் 18ஆவது கிழமை. சிலதில் வருசத்துக்கு ஒரே ஒரு இலக்கம்தான். 220-438 என்றால் 38ஆவது கிழமை, வருசம் நாலில் முடியும்: 1954ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம். அப்ப அம்பின் தோற்றத்தைக் கேட்கவேணும். கறுப்பு முகப்பு என்றால் 1964.

இதில் உள்ள தர்க்கம் எனக்குப் பிடிக்கும். ஒரு அம்புக்குள் இருக்கிற பாகங்களில் ஆகப் புதுசு எதுவோ, அதுக்கு முந்தி அந்த அம்ப் பிறந்திருக்க ஏலாது. ஸ்பீக்கர் 1964, ட்ரான்ஸ்ஃபோமர் 1964, ஆனால் திருகி 1965இன் 20ஆவது கிழமை என்றால் அம்பும் 1965தான். அந்தத் திருகியை இடையில் ஒருத்தரும் மாற்றவில்லை என்றால். அதுக்குத்தான் ஈயத்தைப் பார்க்கிறது. தொழிற்சாலையில் ஒட்டின ஈயம் எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருக்கும். பிறகு ஒட்டினது தனியாக மினுங்கும், கை வேறு என்பது தெரியும். வால்வை நம்பேலாது, அது பல்ப் மாதிரி, எரிந்தால் மாற்றுவார்கள். ஸ்பீக்கரும் கிழியும். ட்ரான்ஸ்ஃபோமரும் திருகியும்தான் பொதுவாகக் கடைசி வரை நிற்கிற சாட்சிகள்.

இவ்வளவு பாடுபடுவது ஏன் என்றால், காசு. 1965 ஜனவரியில் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதுக்கு முந்தினது தங்கம், பிந்தினது பித்தளை என்று சந்தையில் ஒரு கணக்கு ஓடுது. எனக்கு இது சுத்த விசர்க் கதை. 1965 மார்ச்சில் அதே ஊரில், அதே சுற்றுப்படத்தை வைத்துத்தானே பூட்டினார்கள்? ஏபி763 என்று ஒரு சுற்று இருக்கு, 763 என்றால் 63ஆம் வருசம் ஏழாம் மாதம். சிபிஎஸ் வந்த பிறகும் அது சில வருசம் அப்படியே ஓடியது. காதைப் பொத்திக்கொண்டு வருசத்தை வாங்குகிறார்கள் என்று ஒரு நாள் நான் சொல்ல, அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

“காசு குடுக்கிறவன் என்னத்துக்குக் குடுக்கிறான் எண்டது அவன்ரை பாடு பிள்ளை. கேட்டால் நாங்கள் உள்ளதைச் சொல்லவேணும். அவ்வளவுதான் எங்கட வேலை.”

போன மாசியில் ஒரு வயோதிபர் வந்தார். மரக்கறி வாங்குகிற தள்ளுவண்டியில், போர்வை சுற்றின மார்ஷல் தலை. 1987 மொடல், ஐம்பது வோற்ஸ். இளமையில் பப்புகளில் வாசித்தவராம். விரல்கள் மடங்கிப்போயிருந்தன. மனைவி இல்லை. வீட்டை விட்டு வயோதிபர்களுக்கான தொடர்மாடிக்குப் போகவேணும், முற்பணம் கட்டவேணும். ஒரு வியாபாரி அம்பை எடுக்கச் சம்மதித்துவிட்டான், ஆனால் திருத்துகிறவர் ஒருவரின் கையால் வருசம் எழுதி வாங்கிக்கொண்டு வா என்றானாம். “1968” என்று கிழவர் சொன்னார். ஹான்வெல் கடையில்தான் வாங்கினவர். மகள் பிறந்த அதே மாசம். பிள்ளைக்குக் கட்டில் வாங்க வைத்திருந்த காசில் இதை வாங்கிக்கொண்டு போனதால் மனைவி இரண்டு நாள் கதைக்கவில்லையாம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

போர்வையை எடுத்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. பொன்னிற உலோகத் தகடு. அண்ணையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல், “பிள்ளை, ஐயாவுக்கு ரீ ஒண்டு போடு” என்றார். நான் கேத்திலைப் போட்டுவிட்டு வந்து பின்பக்க நம்பரை வாசித்தேன். கடைசியில் ‘சி’. 1968க்கும் 1971க்கும் இடையில் இருந்த காசில் பழைய கார் ஒன்று வாங்கலாம்.

அண்ணை திறந்தார். திறக்க முதல் கப்பாசிற்றர்களை வடித்தார். இதை எழுதியே ஆகவேணும்: ப்ளக்கைக் கழற்றி வைத்தாலும் இந்த அம்புகளுக்குள் நானூறு வோல்ற்றுக்கு மேல் தேங்கி நிற்கும். வீட்டில் பழைய வால்வ் சாமான் ஏதும் கிடந்தால் தயவுசெய்து ஸ்குரூ ட்ரைவரோடு கிட்டப் போகாதேங்கோ.

உள்ளே கையால் ஒட்டின பலகை. மஞ்சள் கொள்ளளவிகள் வரிசையாக, ஒன்றும் மாறவில்லை. ஈயம் எல்லாம் ஒரே மங்கல். ட்ரான்ஸ்ஃபோமர் ஆணிகளில் ஒரு கீறல் இல்லை. சின்ன வால்வுகளில் ஒன்று மட்டும் பழசாகத் தெரிய, அண்ணை அதைக் கழற்றி, கண்ணாடியின் அடியில் சாம்பல் நிறத்தில் எழுதியிருந்ததை லென்ஸில் பார்த்தார். ‘பி1ஈ2’. மல்லார்டின் பிளக்பேர்ன் தொழிற்சாலை, ஒன்றில் முடிகிற வருசம், ஐந்தாம் மாதம், இரண்டாம் கிழமை. தகடு, நம்பர், பலகை, வால்வ், நாலும் ஒரே கதையைத்தான் சொல்லின.

அண்ணை கிழவரைக் கிட்டக் கூப்பிட்டு, ரோர்ச்சைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். அவருடைய ஆங்கிலம் இன்னும் பருத்தித்துறை ஆங்கிலம்தான், ஆனால் சாமானைப் பற்றிச் சொல்லும்போது தடக்காது. கிழவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, என்ர மகள் எந்த வருசம் பிறந்தாள் என்று எனக்குத் தெரியும் என்றார். தெரியும்தான் என்றார் அண்ணை. கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு கிழவர் குரலைத் தணித்து, 68 என்றே எழுதித் தாங்கோவன், அவன் திறந்து பார்க்கப்போறதில்லை என்றார். அண்ணை தலையாட்டினார், முடியாது என்ற மாதிரி. ஒரு காகிதத்தை எடுத்து, 1971 என்று எழுதி, கீழே கை வயரிங், எல்லாப் பாகமும் மூலப் பாகம், ட்ரான்ஸ்ஃபோமர்கள் ஒருபோதும் கழற்றப்படவில்லை என்று வரி வரியாக எழுதினார். அப்படி ஒரு காகிதத்துக்கும் சந்தையில் மதிப்பு உண்டு. கிழவர் அதை வாசிக்காமலே மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். ரீ அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

எனக்கு மனசு சரியில்லை. பின்னேரம் கூட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன், அவருக்கு ஒரு உதவியாகத்தானே போயிருக்கும், வியாபாரி பணக்காரன் என்று. அண்ணை உடனே பதில் சொல்லவில்லை. சோல்டரிங் அயனைத் துடைத்து வைத்துவிட்டு, “எனக்கு எத்தினை வயசெண்டு உனக்குத் தெரியுமே?” என்றார்.

அவருடைய பாஸ்போர்ட்டில் 1962. அவர் பிறந்தது 1958. வரும்போது ஏஜென்சிக்காரன் கொடுத்த காகிதத்தில் இருந்த வருசம் அது, வந்து இறங்கின அண்டைக்கு எழுதினது அப்படியே ஒவ்வொரு காகிதமாகத் தொற்றிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு திருத்தப் பார்த்திருக்கிறார். ஊரில் பிறப்புப் பதிவுப் புத்தகம் சண்டையில் அழிந்துபோயிற்று. பள்ளிக்கூடத்து இடாப்பும் இல்லை. உத்தேச வயதுச் சான்றிதழ் ஒன்று எடுப்பித்து அனுப்பினார். அதில் ‘உத்தேசம்’ என்றே எழுதியிருக்கிறதே என்று இங்கே எடுபடவில்லை. 1958இல் பிறந்த ஆளுக்கு இங்கே 66 வயதில் அரச பென்சன், அதாவது 2024இல் வந்திருக்கவேணும். 1962 என்றால் வயது 67 ஆகிவிடும், 2029. ஐந்து வருசம் கூடக் குனிந்திருந்து ஈயம் ஒட்டவேணும். முதுகு ஏற்கெனவே பிரச்சினை.

“64ஆம் ஆண்டுப் புயலுக்குள்ளை பள்ளிக்கூடத்துத் தகரம் பறந்தது எனக்கு இப்பவும் கண்ணுக்குள்ளை நிக்குது. நான் முதலாம் வகுப்பு. அடுத்த நாள் போய்ப் பார்த்தனாங்கள். 62இலை பிறந்தவனுக்கு உது நினைவிருக்குமே? அவங்களுக்கும் உதைத்தான் சொன்னனான்.” சிரித்தார். “என்ரை முதுகிலையும் ஒருத்தன் ஒரு கோட் அடிச்சு விட்டிருந்தால் திறந்து காட்டியிருப்பன்.”

பிழையான வருசத்தை ஒருத்தன் எழுதினால் அது எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியும் பிள்ளை, அதுதான் எழுதேல்லை என்று அவர் சொல்லவில்லை. கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அப்படிச் சொல்லியிருப்பார் என்று நானாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு வெறுமனே பொய் எழுதப் பிடிக்காமலும் இருந்திருக்கலாம்.

மூன்று கிழமை கழித்து ஒரு பெண் வந்தார், ஐம்பதுகளில் இருப்பார். அந்தக் கிழவரின் மகள். அம்பை விற்றாயிற்று. 1971இன் விலைதான், ஆனால் அண்ணை எழுதின காகிதத்தைப் பார்த்து வியாபாரி கொஞ்சம் கூட்டிக் கொடுத்தானாம். அதைச் சொல்ல வரவில்லை என்றார். தான் பிறந்தது 1971 செப்ரெம்பர். அக்கா 1968. சின்ன வயசில் இருந்தே வீட்டில் அந்தக் கட்டில் காசுக் கதையில் பிள்ளை எப்போதும் அக்காதான். அக்கா அதைப் பெரிய பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவாளாம். ஐந்தாம் மாசத்து வால்வ், கடைக்கு அம்ப் வந்து சேரச் சில மாசம். கட்டில் இல்லாமல் கிடந்தது நான்தான் என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். அப்பாவிடம் சொன்னதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஓம், அண்டைக்கு மழை பெய்தது என்று மட்டும் சொன்னாராம்.

மூலக் காகிதம் அம்போடு வியாபாரியிடம் போய்விட்டது. தனக்கு ஒரு பிரதி வேணும், அக்காவுக்குக் காட்ட என்று கேட்டார். நான் நம்பரை எழுதி வைத்திருந்த கொப்பியைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முந்தி எழுதினதை வரி மாறாமல் திரும்ப எழுதி, கீழே கையெழுத்தும் வைத்து, அண்டைத் திகதியையும் போட்டுக் கொடுத்தார்.